இருபது இரவுகள் தங்கிய இளைஞர்கள்

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரி ஷரீபில் இடம் பெற்றிருக்கிறது. அதன் ஒரு துண்டை நாம் ஜும்ஆ பயான்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். தாம் தொழுவதைக் கண்டது போலவே தொழ வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அதில்தான் வருகிறது. ருகூஉ, ஸுஜூது, நிலை பற்றிய மஸ்அலாக்களுக்கு அதை ஆதாரமாக எடுத்துக் காட்டிவிட்டு அப்பால் போய்விடுவது நம் வழக்கம். அந்த உத்தரவு யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் கொடுக்கப்பட்டது என்பதை இந்த மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம்.

மாலிக் (ரலி) அவர்கள் லைஸ் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். தம் கூட்டத்தார் சிலருடன் மதீனா வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் அனைவரும் இளைஞர்கள். ஏறக்குறைய ஒரே வயதினர். இதை அவர்களே குறிப்பிட்டுச் சொல்கிறார்கள். இருபது இரவுகள் நாயகத்துடன் தங்கினார்கள். பிள்ளைகளுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்பதை, அவர்கள் வாய்திறந்து கேட்பதற்கு முன்பே நாயகம் (ஸல்) அவர்கள் உணர்ந்து கொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, ஊருக்குத் திரும்பிச் சென்று தம் வீட்டாருக்குக் கற்றுக் கொடுக்கும்படியும், தொழுகை நேரம் வந்தால் ஒருவர் பாங்கு சொல்லி, மூத்தவர் இமாமத் செய்யும்படியும் சொல்லி அனுப்பி வைத்தார்கள். பிற்காலத்தில் இதை அறிவிக்கும்போது மாலிக் (ரலி) அவர்கள் மறவாமல் சேர்த்துக் கொண்ட விஷயம் ஒன்று உண்டு: தங்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு இரக்கமாகவும் மென்மையாகவும் நடந்து கொண்டார்கள் என்பது. பாடத்தை அறிவித்தவர் பாடம் நடத்தியவரின் மென்மையையும் சேர்த்தே அறிவித்திருக்கிறார்.

இன்றைய பேச்சில் சொல்வதானால் அது ஓர் இளைஞர் முகாம். ஒத்த வயதுத் தோழர்கள், குறிப்பிட்ட நாட்கள், கண்ணால் பார்த்துக் கற்கும் தொழுகை, திரும்பிப் போகும்போது கையில் ஒரு பொறுப்பு. பள்ளி விட்ட பின்னும் கோடை விடுமுறையிலும் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்கும் பெற்றோருக்கும் ஜமாஅத்தாருக்கும் இதைவிடத் தெளிவான முன்மாதிரியை நான் அறியேன்.

நம் நிலைமை என்ன? ஐந்து வயதில் பிள்ளை அலிஃப், பே ஓத மக்தபுக்கு வருகிறது. பத்து, பன்னிரண்டு வயதுக்குள் குர்ஆனை முடிக்கிறது. தமாம் விருந்து நடக்கிறது; உஸ்தாதுக்கு ஒரு சட்டைத் துணி, வீட்டுக்கு வீடு இனிப்பு. அடுத்த வாரம் முதல் அந்தப் பிள்ளை மக்தபுக்கு வருவதில்லை. “ஓதி முடித்தாயிற்று” என்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்று பாரம் ஏறுகிறது, டியூஷன் வருகிறது. ஏழு வயதில் தொழ ஏவுங்கள், பத்து வயதில் கண்டியுங்கள் என்ற கருத்தில் வந்த நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். அந்த ஏவுதல் எல்லாம் எதற்காக? பாலிகாகும் நாளில் தொழுகை அவனுக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும் என்பதற்காகத்தானே! ஆனால் நம் ஊர்களில் நடப்பது தலைகீழ். தொழுகை கடமையாகாத வயதில் தினமும் பள்ளிவாசலுக்கு வந்த பிள்ளை, கடமையாகிற வயதில் வராமல் போகிறான். பதிமூன்று முதல் பதினேழு வரை உள்ள பிள்ளைகளுக்கு நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆவின் கடைசி ஸஃப்பைத் தவிர வேறு இடம் வைத்திருக்கிறோமா என்று எண்ணிப் பாருங்கள்.

லால்பேட்டையில் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த மன்பவுல் அன்வார் மதரஸா இருக்கிறது. பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களில் முஸ்லிம் தெருக்களே இருக்கின்றன; பையன் வாசலில் இறங்கினால் அவன் வயதுத் தோழர்கள் நாலு பேர் நிற்பார்கள். கெட்டுப் போவதற்கும் அங்கே துணை உண்டு, திருந்துவதற்கும் துணை உண்டு. வடலூர், நெய்வேலி வட்டாரத்தில் அப்படியில்லை. கடலூர்–விருத்தாசலம் சாலையும் பண்ருட்டி–கும்பகோணம் சாலையும் சந்திக்கிற நாற்சந்தி ஊர் வடலூர். வியாபாரத்துக்கும் வேலைக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் தெருவுக்கு ஒன்றாகச் சிதறி இருக்கின்றன. தகப்பனார் கடையடைத்து வீடு சேர இரவு பத்து மணி. சுரங்கத்தில் வேலை என்றால் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். காலை ஏழு மணிக்கே ஸ்கூல் வேன் வந்துவிடுவதால் காலை மக்தபுக்கும் வழியில்லை. மாலை நாலரை மணிக்குப் பையன் வீடு வருகிறான். அதிலிருந்து தூங்கும் வரை அவனுக்குத் துணை செல்போன். பரங்கிப்பேட்டைப் பையனுக்குத் தெருவே செய்து கொடுக்கிற வேலையை வடலூர்ப் பையனுக்கு யாராவது ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும்.

மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி. பள்ளிவாசலில் விளக்கு எரிகிறது, இமாம் இருக்கிறார், பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அஸர் தொழுதுவிட்டு விளையாட்டு. மக்ரிபுக்குப் பிறகு அரை மணி நேரம் பள்ளிக்கூடப் பாடம், கால் மணி நேரம் குர்ஆன், மீதி நேரம் பேச்சு. இஷா தொழுதுவிட்டு வீடு. வாரத்தில் மூன்று நாள் போதும்.

பள்ளிக்கூடப் பாடம் பள்ளிவாசலில் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். கணக்கில் தோற்கிற பையன் வெட்கத்தால் எல்லாவற்றிலிருந்தும் விலகுகிறான்; பள்ளிவாசலிலிருந்தும் விலகுகிறான். அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற கல்லூரி மாணவன் அவனைத் தொழுகைக்குக் கூப்பிட்டால் வருவான். கணக்கைப் பற்றிக் கேட்காத நாம் கூப்பிட்டால் வரமாட்டான். நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை அரை மாதத்தில் கற்றுக் கொண்டார்கள் என்று திர்மிதி ஷரீபில் காண்கிறோம். அப்போது அவர்களும் சிறு வயதினரே.

மாலை நேரத்தின் அருமையை அரசாங்கமும் கண்டுகொண்டது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட, தமிழக அரசு “இல்லம் தேடிக் கல்வி” என்ற திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கி வைத்தது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை, அவரவர் தெருவிலேயே வகுப்பு. நடத்தியவர்கள் தன்னார்வலர்கள், பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். திண்ணை, சாவடி, மரத்தடி என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். எத்தனையோ முஸ்லிம் சகோதரிகளும் அப்பணியைச் செய்தார்கள். அந்த அனுபவசாலிகள் நம் மஹல்லாக்களிலேயே இருக்கும்போது ஆள் இல்லை என்று நாம் சொல்வது சரியல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லண்டனில் 1844-ல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை ஊழியர், வேலைக்கு வந்த இளைஞர்கள் கடை மூடிய பிறகு போக்கிடம் இல்லாமல் சீரழிவதைக் கண்டு, தோழர்கள் சிலரைச் சேர்த்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இருபது சிறுவர்கள் அளவில் பிரௌன்ஸீ தீவுக்கு அழைத்துச் சென்று நடத்திய முகாமிலிருந்துதான் சாரணர் இயக்கம் பிறந்தது. இரண்டும் உலகமெங்கும் பரவியதை நாம் அறிவோம். பிறர் செய்துவிட்டார்கள் என்பதற்காக நாம் தயங்க வேண்டியதில்லை. நமக்கு மதீனாவின் இருபது இரவுகள் இருக்கின்றன.

இனி விளையாட்டு. இதில்தான் நம் பெரியவர்களுக்குத் தயக்கம் அதிகம். அஸ்லம் கூட்டத்தார் அம்பெய்து போட்டியிட்டுக் கொண்டிருந்த இடத்தைக் கடந்து சென்ற நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை உற்சாகப்படுத்தி, தாம் ஒரு கட்சியாருடன் இருப்பதாகச் சொன்னார்கள். எதிர்க் கட்சியார் அம்பெய்வதை நிறுத்திவிட்டார்கள். நாயகம் இருக்கும் கட்சிக்கு எதிராக எப்படி எய்வது என்று. உடனே, தாம் இரு கட்சியாருடனும் இருப்பதாகச் சொல்லி ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள். இது புகாரி ஷரீபில் உள்ளது. பெருநாள் அன்று அபிஸீனியர்கள் மஸ்ஜிதிலேயே ஈட்டி விளையாடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அலுக்கும் வரை பார்க்க நாயகம் மறைத்து நின்றதையும் அறியாதவர் இல்லை.

இதற்காக, பள்ளிவாசலுக்குள் பந்து விளையாடலாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். தொழுகை நடக்கும் உள்பள்ளிக்கு உரிய கண்ணியம் வேறு. கூச்சல், அசுத்தம், தொழுபவருக்கு இடையூறு ஆகியவற்றை அங்கே அனுமதிக்க முடியாது. வெளித் திண்ணை, மதரஸாக் கூடம், பள்ளிக்குச் சொந்தமான காலியிடம் ஆகியவற்றின் சட்டம் வேறு. அவற்றிலும், வக்ஃப் செய்தவர் என்ன நோக்கத்துக்காகக் கொடுத்தார் என்று பத்திரத்தைப் பார்க்க வேண்டும். அவர் விதித்த நிபந்தனையை மீறுவது முத்தவல்லிக்கும் ஆகாது, ஜமாஅத்துக்கும் ஆகாது. பத்திரத்தில் தெளிவில்லையென்றால் ஆலிம்களிடம் கேட்டு எழுதி வாங்கிக் கொண்டு தொடங்குவது பின்னால் வரும் சச்சரவைத் தவிர்க்கும். இடமே இல்லாத ஊர்களில் பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

கோடைக்கு வருவோம். மே மாதம் முழுவதும் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். கத்திரி வெயிலில் வீட்டுக்குள் அடைத்து வைக்கவும் முடியாது, வெளியே அனுப்பவும் பயம். அந்தப் பயம் வெறும் பயமல்ல. 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பத்துக்கு அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்க இறங்கிய சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். ஒருவரைக் காப்பாற்ற ஒருவர் இறங்கி, ஏழு உயிர் போயிற்று. மாவட்டமே அழுதது. நீந்தக் கற்பதை வீண் விளையாட்டுகளில் சேர்க்காமல் விதிவிலக்காக வைத்த ஹதீஸ் நஸாயீயின் பெரிய தொகுப்பில் உண்டு. கொள்ளிடமும் வெள்ளாறும் கெடிலமும் கடலும் உள்ள ஒரு மாவட்டத்தில், நம் கோடை வகுப்புப் பாடத்திட்டத்தில் நீச்சல் இல்லாதது எனக்கு வியப்பையே தருகிறது. ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும், மறைவான பாதுகாப்பான நீரில், தெரிந்தவர் மேற்பார்வையில் கற்றுக் கொடுப்பதற்கு ஷரீஅத்தில் தடையேதும் இல்லை.

நாம் நடத்துகிற கோடை வகுப்பு பெரும்பாலும் எப்படி இருக்கிறது? ஐந்து வயதும் பதினைந்து வயதும் ஒரே பாயில். கையில் ஒரு கேள்வி பதில் புத்தகம். கடைசி நாள் மேடை, மனனப் போட்டி, எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். அதில் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மீசை அரும்பும் பிள்ளையைக் கலிமா ஒப்பிக்கும் குழந்தைகளோடு உட்கார வைத்தால் மறுநாள் அவன் வரமாட்டான். மாலிக் (ரலி) அவர்கள் “ஒத்த வயதினர்” என்பதைக் குறிப்பிட்டதில் ஒரு பாடம் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குத் தனி நேரம், தனிப் பேச்சு. குளிப்பு எப்போது கடமையாகும் என்பதை அவனுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? தகப்பனாருக்கு வெட்கம், உஸ்தாதோ அவன் பத்து வயதில் விட்டுப் போன பாடத்தோடு நின்றுவிட்டார். மற்றவற்றை அவன் செல்போனில் தெரிந்து கொள்கிறான், கோணலாக. விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த ஓர் இளைஞரைக் கூட்டத்தார் அதட்டியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அருகில் அழைத்து உட்கார வைத்து, உன் தாய்க்கு, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு இதை விரும்புவாயா என்ற விதத்தில் நிதானமாகக் கேட்டு, அவர் நெஞ்சில் கை வைத்து துஆச் செய்த வரலாறு முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. பிள்ளை கேட்கத் தகாததைக் கேட்டாலும் உட்கார வைத்துப் பதில் சொல்லும் இடமாக அந்த வகுப்பு இருக்க வேண்டும்.

பிரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதிலிருந்து பத்தாண்டுகள் நாயகத்துக்குப் பணிவிடை செய்தார்கள். ஒரு தடவைகூட “சீ” என்ற சொல் வந்ததில்லை. ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்ற கேள்வியும் வந்ததில்லை. நானும் ஓதிக் கொடுக்கும் வேலையில் இருப்பவன்தான். பிள்ளைகள் பொறுமையைச் சோதிப்பார்கள் என்பது தெரியாமல் இதை எழுதவில்லை. பதினான்கு வயதுப் பையனை நாலு பேர் முன்னால் அடித்தால் அவனையும் இழப்போம், அவன் தோழர்களையும் இழப்போம்.

அதோடு சேர்ந்தது பிள்ளைகளின் பாதுகாப்பு. எந்தப் பெரியவரும், அவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், ஒரு பிள்ளையுடன் தனியறையில் கதவைச் சாத்திக் கொண்டு இருக்கலாகாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். வருகைப் பதிவு வேண்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே செய்தி போக வேண்டும். இரவு வீடு சேர்ந்தானா என்று பார்க்க வேண்டும். பிள்ளை ஒரு குறை சொன்னால் ஜமாஅத்தின் மானத்தை எண்ணி அமுக்கக் கூடாது. அமானிதம் என்பது பணத்துக்கு மட்டும் உரிய சொல் அல்ல.

பெண் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. ஆண்களே தங்களை முந்திக் கொள்வதாகவும், தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தரும்படியும் பெண்கள் முறையிட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் ஒதுக்கித் தந்தார்கள். நிஸ்வான் மதரஸாக்களில் ஓதி ஆலிமாக்களான சகோதரிகள் இப்போது பல ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டு மாடி, வாரம் இரண்டு மாலை; இவ்வளவுதான் தேவை. தையல் வகுப்போடு நிறுத்திவிடாமல், பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்பதையும் அங்கே பேச வேண்டும்.

செலவு? நம் உறவினர்கள் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரில் 1975-ல் பள்ளிவாசல் கட்டும் நிதி தொடங்கியபோது, ஒவ்வொரு முஸ்லிம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் மாதம் 50 காசுதான் பிடித்தார்கள். 1982-ல் மலாய் முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக மெண்டாக்கி என்ற அமைப்பு ஏற்பட்டு, வார இறுதி டியூஷன் வகுப்புகளை நடத்தியது; பின்னர் இரண்டுக்கும் ஒரே நிதியாகப் பிடித்தம் செய்தார்கள். சிறு காசு, எல்லோரும், மாதந் தவறாமல். ஒரு பெரிய மனிதரிடம் மொத்தமாக வாங்குவதைவிட இது மேல். ஏனென்றால் காசு கொடுத்தவன் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பான்.

ஜகாத்தை இதற்குச் செலவிடலாமா என்று கேட்கிறார்கள். ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், பந்து, பாய் இவற்றுக்கு ஜகாத் கூடாது. ஜகாத் உரியவரின் உடைமையாகப் போய்ச் சேர வேண்டும். ஏழைப் பிள்ளைக்குப் புத்தகமோ உடையோ வாங்கி அவனுக்கே, அல்லது அவனுக்காக அவன் பொறுப்பாளரிடம், கொடுத்துவிட்டால் நிறைவேறும். தகப்பனார் வசதியானவராக இருந்தால் சிறு பிள்ளைக்குக் கொடுப்பது நிறைவேறாது. பொதுச் செலவுகளை ஸதகாவிலும் நன்கொடையிலும்தான் நடத்த வேண்டும்.

அம்ர் இப்னு ஸலிமா (ரலி) அவர்களின் வரலாற்றை இங்கே நினைவு கூரலாம். வழிப்போக்கர்கள் தங்கும் நீர்நிலை அருகே வளர்ந்த பிள்ளை. வருகிறவர் போகிறவரிடம் கேட்டுக் கேட்டே குர்ஆனை நெஞ்சில் ஏற்றிக் கொண்டார்கள். ஆறு அல்லது ஏழு வயதில் அவர்களையே கூட்டத்தார் இமாமாக நிறுத்தினார்கள். உடை குட்டை, ஸுஜூது செய்யும்போது மேலே ஏறிவிடும். ஊரார் துணி வாங்கி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டைக்காக மகிழ்ந்தது போல் எதற்காகவும் மகிழ்ந்ததில்லை என்று பிற்காலத்தில் சொன்னார்கள். ஒரு சட்டைதான் செலவு.

பணத்தைவிடக் கடினம் நாள் தவறாமை. இரண்டு மாதம் ஆர்வமாக நடத்திவிட்டு, கல்யாணம், மழை, பரீட்சை என்று ஒவ்வொரு காரணமாகப் பூட்டிவிடுகிறோம். குறைவாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்ற கருத்துள்ள ஹதீஸை நாம்தான் சுவரில் எழுதி மாட்டுகிறோம். வடலூரில் வசிப்பவர்களுக்கு அயல் வீட்டாரிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. இராமலிங்க அடிகளார் 1867-ல் தருமசாலையில் மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடாமல் பசித்தவருக்குச் சோறு போட்டு வருகிறார்கள். கொள்கை வேறு, வழிபாடு வேறு. ஒரு காரியத்தைத் தலைமுறை தலைமுறையாக விடாமல் நடத்தும் பிடிவாதத்தைப் பார்த்து நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

மாலை வகுப்புக்கு அயல் வீட்டுப் பிள்ளைகள் வந்தால் கணக்கும் ஆங்கிலமும் அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது, சுற்றியுள்ள மீனவக் கிராமத்தாருக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சோறும் இடமும் கொடுத்துத் தாங்கியதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அன்று ஓடியாடியவர்களில் பெரும்பங்கு இளைஞர்களே. அண்டா எங்கே இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும், யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்பதெல்லாம் ஒன்றாகக் கூடிப் பழகிய பிள்ளைகளுக்குத்தான் அந்த நேரத்தில் தெரியும்.

கடைசியாக, திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்பும் பொறுப்பு. நாயகம் (ஸல்) அவர்கள் அந்த இளைஞர்களைச் சான்றிதழோடு அனுப்பவில்லை. வேலை கொடுத்து அனுப்பினார்கள். கோடை வகுப்பு முடிகிற வாரத்தில் பெரிய பிள்ளைகளுக்கு முறை வைத்துப் பாங்கு சொல்லக் கொடுங்கள். விவரம் தெரிந்த சிறுவன் சொல்லும் பாங்கு நிறைவேறும் என்பதே இரு மத்ஹபின் நிலை. இமாமத் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பாலிகாகாத சிறுவனின் பின்னால் பெரியவர்கள் பர்ளு தொழுவது ஷாபிஈ மத்ஹபில் கூடும், ஹனபி மத்ஹபில் கூடாது. வீட்டில் தாய்க்கும் தங்கைக்கும் ஓதிக் காட்ட ஒரு ஸூரா, தாத்தாவுக்குப் படித்துக் காட்ட ஒரு பக்கம் என்று ஒவ்வொருவனுக்கும் ஏதாவது கொடுத்தனுப்புங்கள். பலகையில் பெயர் எழுதுங்கள்: திங்கள் அஸர் இன்னார், செவ்வாய் மக்ரிப் இன்னார் என்று. வழக்கமான முஅத்தின் பக்கத்தில் நின்று கொள்ளட்டும். அந்த வயதில் குரல் உடையும். “ஹய்ய அலஸ் ஸலாஹ்” பாதியில் கீச்சென்று போகும். முன் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும். மறுநாளும் அவன் வருவான்.